பழைய ரேஸ் சைக்கிள் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க காலை அளங்க!

"நடங்க, இல்லேன்னா சைக்கிள் ஓட்டுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பேன்ட் இடுப்பை டெய்லர் இரண்டு தடவை பிரித்து விட்டாயிற்று. சரி, சைக்கிளே ஓட்டலாம் என்று முடிவு செய்கிறீர்கள். கடையில் புது ரோடு சைக்கிளின் விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. "செகண்ட் ஹேண்ட்ல பார்த்துக்கலாம்" என்கிறார் வீட்டுக்காரம்மா. நல்ல யோசனைதான்!

ஆனால், ஒரு நிமிஷம். பழைய சைக்கிள் வாங்கப் போகும் பத்துப் பேரில் பெரும்பாலோர் என்ன பார்க்கிறார்கள் தெரியுமா? பெயின்ட் பளபளப்பு, கியர் எத்தனை, கம்பெனி எது, விலை எவ்வளவு. இவ்வளவுதான். "இது என் உடம்புக்குப் பொருந்துமா?" என்ற கேள்வி கடைசி வரை வருவதே இல்லை. செருப்பு வாங்கும்போது கூட ஏழாம் நம்பரா, எட்டாம் நம்பரா என்று போட்டு நடந்து பார்க்கிறோம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் சைக்கிளை மட்டும் 'ஏறி உட்கார்ந்தால் போச்சு' என்று வாங்கிவிடுகிறோம்!

விளைவு? மூன்று வாரத்தில் முழங்கால் வலி. ஐந்தாவது வாரத்தில் கழுத்து வலி. ஆறாவது வாரத்தில் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில், அதன் மேல் ஈரத்துணி காய்கிறது. "வயசாயிடுச்சு, இனிமே நமக்கு ஒத்துக்காது" என்று நீங்களே தீர்ப்பும் எழுதிவிடுகிறீர்கள். ஒத்துக்கொள்ளாதது உங்கள் வயது அல்ல, சைக்கிளின் அளவு! பணம் போனது கூடப் பெரிதில்லை. தினசரி உடற்பயிற்சி என்ற நல்ல வாய்ப்பு கைநழுவிப் போகிறதே, அதுதான் நிஜமான நஷ்டம்.

பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஆரம்பிப்போம்

ஏன் இந்த ஊர் என்று கேட்கிறீர்களா? புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பம் தாண்டிச் சின்ன முதலியார்சாவடி, அடுத்து பெரிய முதலியார்சாவடி. சாவடி என்றாலே அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறிய இடம். இங்கிருந்துதான் மேற்கே குயிலாப்பாளையம் வழியாக ஆரோவில்லுக்குச் சாலை பிரிகிறது. 1968 பிப்ரவரி 28-ம் தேதி ஆரோவில் தொடங்கப்பட்டதிலிருந்து பல நாட்டுக்காரர்கள் வந்து போகிற பகுதி இது. சைக்கிள் ஓட்டுவது இங்கே வசதி குறைந்தவர் அடையாளம் கிடையாது. ஊர் திரும்புகிறவர்கள் சைக்கிளை விற்றுவிட்டுப் போவதும் உண்டு. அதனால் நம் ஊர்க் கடைகளில் பார்க்க முடியாத வெளிநாட்டு ரோடு சைக்கிள்கள் கூட இந்தப் பக்கம் கண்ணில் படும்.

இன்னொரு காரணமும் உண்டு. இதே சாலையில் வடக்கே காலாப்பட்டு, கூனிமேடு தாண்டிப் போனால் மரக்காணம். இரண்டு பக்கமும் உப்பளம், மூக்கில் ஏறும் உப்புக் காற்று. இந்தக் காற்று பழைய சைக்கிளுக்கு என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

நம்ம ஊர் சைக்கிள் வேறு, ரோடு சைக்கிள் வேறு

நம் அப்பா, தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிள்களில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். அகலமான சீட், உயரமான ஹேண்டில் பார். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். பையன்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டே பல மைல் போனார்கள்!

1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சேர்த்து கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. சுமார் ஒரு லட்சம் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். 'முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே' என்று அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. அந்த சைக்கிள் அப்படி எல்லோருக்கும் வளைந்து கொடுத்தது.

ரோடு சைக்கிள் அப்படி வளைந்து கொடுக்காது. ஹேண்டில் பார் கீழ்நோக்கி ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருக்கும். முதுகை முன்னால் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டும். உடம்பு எடை சீட், கை, கால் மூன்றிலும் பகிர்ந்து நிற்கும். டயர் மெல்லிசு. எடை குறைவு என்பதால் அதே உழைப்புக்கு அதிக தூரம் போகலாம். அதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் அளவு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தப்பினாலே உடம்பு கணக்குக் கேட்கும். ஒரு மணி நேரத்தில் உங்கள் முழங்கால் நாலாயிரம் தடவைக்கு மேல் மடங்கி நீள்கிறது. தப்பான கோணத்தில் நாலாயிரம் தடவை என்றால்?

அளவெடுக்கும் பாடம்

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு தடிமனான நோட்டுப் புத்தகம், பென்சில், இஞ்சி டேப் போதும்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. நோட்டுப் புத்தகத்தை இரண்டு தொடைகளுக்கும் நடுவில், அதன் முதுகுப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தள்ளுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் வீட்டில் யாரையாவது கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை எத்தனை சென்டிமீட்டர்? அதுதான் உங்கள் உள்கால் அளவு. மூன்று தடவை எடுத்து சராசரி பாருங்கள். பேன்ட்டின் உள்கால் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது குறைவாகவே இருக்கும்.

இந்த ஒரு எண்ணிலிருந்து இரண்டு கணக்கு போடலாம்.

ஒன்று: ஃபிரேம் அளவு. உள்கால் அளவை 0.65-ஆல் பெருக்குங்கள். 70 செ.மீ. என்றால் ஃபிரேம் சுமார் 45 அல்லது 46. 78 என்றால் சுமார் 51. 84 என்றால் சுமார் 54 அல்லது 55. சீட்டைத் தாங்கும் குழாயின் நீளம் இது.

இரண்டு: சீட் உயரம். உள்கால் அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் சுமார் 69 செ.மீ. பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, சீட் குழாயை ஒட்டியே மேலே போய், சீட்டின் மேல்பக்கம் வரை இந்த உயரம் இருக்க வேண்டும். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் பிரபலமான கணக்கு இது.

இந்தக் கணக்கு ஒரு ஆரம்பப் புள்ளிதான், வேதவாக்கு இல்லை. உதாரணமாக, இப்போதைய பல சைக்கிள்களில் மேல்பார் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அதில் சீட் குழாய் குட்டையாகத்தான் இருக்கும், கணக்கு ஒத்துவராது. அப்படிப்பட்ட சைக்கிளை ஏறி உட்கார்ந்துதான் தீர்மானிக்க வேண்டும்.

ஏறிப் பார்க்கும்போது...

ஒல்லியான ரப்பர் சோல் ஷூ போட்டுக்கொண்டு போங்கள். வேட்டியோ, இறுக்கமான பேன்ட்டோ வேண்டாம். பெண்கள் சுடிதார் என்றால் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, வலது கால் பேன்ட் நுனியை ஒரு கிளிப்போ, ரப்பர் பேண்டோ போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள். ரோடு சைக்கிளில் செயின் கவர் கிடையாது என்பது ஞாபகம் இருக்கட்டும்!

முதல் சோதனை: மேல்பாருக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து தரையில் நில்லுங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது வேண்டும். பார் இடித்தால் அந்த சைக்கிளுக்கு அங்கேயே ஒரு கும்பிடு! திடீரென்று இறங்க நேரும்போது ஆபத்து.

இரண்டாவது சோதனை: ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். பெடல் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும், ஆனால் இடுப்பு பக்கவாட்டில் ஆடக்கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்துச் சுற்றினால், முழங்கால் லேசாக மடங்கியே இருக்கும். அதுதான் சரியான உயரம்.

மூன்றாவது சோதனை: பெடலைக் கிடைமட்டமாக நிறுத்துங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பாரே, அதே மாதிரி நூலில் ஒரு நட்டைக் கட்டி, முன்னால் இருக்கும் முழங்கால் சில்லுக்குக் கீழே இருந்து தொங்க விடுங்கள். நூல் பெடல் அச்சுக்கு அருகில் விழுந்தால் சீட் சரியான இடத்தில் இருக்கிறது. ரொம்ப முன்னாலோ பின்னாலோ விழுந்தால் சீட்டை நகர்த்த வேண்டும்.

நான்காவது சோதனை: பிரேக் லீவருக்கு மேலே இருக்கும் ரப்பர் மேட்டில் கைகளை வையுங்கள். முழங்கை கொஞ்சம் மடங்கி, தோள் காதை நோக்கி ஏறாமல் தளர்வாக இருக்கிறதா? பிரேக்கை விரல் எட்டிப் பிடிக்கிறதா? எட்டிப் பிடித்துத் தொங்குகிற மாதிரி இருந்தால் சைக்கிள் உங்களுக்கு நீளம். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மை இரண்டு மூன்று சென்டிமீட்டர் குட்டையானதாக மாற்றலாம். அதற்கு மேலும் நீளம் என்றால் விட்டுவிடுங்கள். சீட்டை முன்னால் தள்ளிச் சமாளிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார், சம்மதிக்காதீர்கள். கை எட்டுவதற்காக முழங்காலைப் பலி கொடுத்த கதையாகும்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் சின்னதையே எடுங்கள். சின்ன சைக்கிளில் சீட்டை ஏற்றலாம், ஸ்டெம்மை மாற்றலாம். பெரிய ஃபிரேமை வெட்டிக் குறைக்க முடியுமா?

முன்னால் குனிந்தாலே இடுப்பு பிடிக்கிறது, கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கிறது என்பவர்கள் வளைந்த ஹேண்டில் மேல் ஆசைப்பட வேண்டாம். நேர் ஹேண்டில் வைத்த ஹைபிரிட் சைக்கிள் உங்களுக்கு நல்ல தோழன்.

சைக்கிளுக்கு ஒரு மெடிக்கல் செக்கப்

அளவு பொருந்திவிட்டதா? இப்போது சைக்கிளின் ஆரோக்கியத்தைப் பார்ப்போம். வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், சாயங்காலம் போகாதீர்கள்.

ஃபிரேம்: ஹேண்டில் நுழையும் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில் விரலால் தடவுங்கள். பெயின்ட் சுருங்கியோ, புடைத்தோ இருந்தால் முன்பக்கம் எங்கேயோ மோதியிருக்கிறது. வெல்டிங் ஓரங்களிலும், பெடல் அச்சைச் சுற்றியும் முடி போல விரிசல் தெரிகிறதா? எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கார்பன் ஃபிரேமின் உள்காயம் வெளியே தெரியாது. புதிதாக வாங்குபவர் பழைய கார்பனைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

சீட் பில்லர்: கடலோரத்தில் இதுதான் முக்கியமான சோதனை! ஸ்பேனர் போட்டுத் தளர்த்தி, சீட்டை மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியப் பில்லர் இருந்து, உப்பு ஈரமும் சேர்ந்தால், இரண்டு உலோகமும் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். பிறகு சுத்தியலுக்கும் அசையாது. சீட் நகராத சைக்கிள் என்றால், பழைய ஓனர் உயரத்துக்கே நீங்கள் ஓட்ட வேண்டியதுதான்! பில்லரில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு சீட்டை ஏற்றக்கூடாது, பில்லர் ஒடிந்துவிடும். உங்கள் உயரத்துக்கு ஏற்றினால் கோடு தெரிகிறது என்றால் ஃபிரேம் உங்களுக்குச் சின்னது.

துரு: மேலே இருக்கும் புள்ளித் துருவைப் பார்த்து பயப்பட வேண்டாம். பில்லரை உருவிவிட்டு, டார்ச் அடித்துக் குழாய்க்குள் பாருங்கள். உள்ளே செதில் செதிலாக உதிர்ந்தால் ஃபிரேம் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது.

சக்கரம்: தூக்கிப் பிடித்துச் சுற்றுங்கள். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். லேசாக ஆடினால் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்துவிடலாம். ரிம்மின் பக்கச்சுவர் தேய்ந்து குழிந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும், செலவு.

பேரிங்: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் அடியில் 'டக் டக்' என்றால் கப், கோன் தளர்ந்திருக்கிறது. கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெடல் அச்சு தேய்ந்திருக்கிறது. இவை சரிசெய்யக்கூடியவையே. ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

செயின்: ஸ்கேலை எடுங்கள். செயினின் ஒரு பின்னிலிருந்து 24 கண்ணி எண்ணி, அங்கிருக்கும் பின் வரை அளந்தால் புதுச் செயினில் சரியாக 12 அங்குலம். ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல் என்றால் செயினை மாற்ற வேண்டும். மூன்று மில்லிமீட்டர் என்றால் ஃப்ரீவீல் பல்லும் போயிருக்கும். இரண்டுக்கும் கணக்குப் போடுங்கள்.

டயர்: பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். இப்போதைய ரோடு சைக்கிளில் 700 என்றும், 622 என்றும் இருக்கும். பழைய வெளிநாட்டு சைக்கிள் சிலதில் 27 அங்குலம், அதாவது 630 இருக்கும். நம்ம ஊர்ப் பெரிய சைக்கிள் 28 அங்குலம், அது 635. பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றின் டயர் மற்றதற்குப் பொருந்தாது! 630 டயர் தேடி அலைவது கஷ்டம். காற்று அடைக்கும் வாயும் மெல்லிசாக வேறு மாதிரி இருக்கலாம். தெருமுனைக் கடை பம்ப் அதற்குச் சேராது. சின்ன அடாப்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா ரிப்பேரையும் எழுதிக் கூட்டுங்கள். கேட்கும் விலையோடு சேர்த்தால் புது சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டுகிறதா? யோசியுங்கள். முக்கால்வாசியைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், புதுசு வாங்கிவிடலாம்.

கடைசியாக, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் நம்பரைக் குறித்துக்கொண்டு, அந்த நம்பர் எழுதி விற்பவர் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு வாங்குங்கள். நம்பரைச் சுரண்டி எடுத்திருந்தால் வாங்காதீர்கள். திருட்டு சைக்கிளாக இருக்கலாம், போலீஸ் ஸ்டேஷன் படி ஏறுவது யார்?

வலி என்ன சொல்கிறது?

வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகும் உடம்பைக் கவனியுங்கள். அது சொல்லும் மொழி எளிது.

முழங்காலுக்கு முன்பக்கம் வலித்தால், பெரும்பாலும் சீட் தாழ்வு. அரை சென்டிமீட்டர் ஏற்றிப் பாருங்கள்.

முழங்காலுக்குப் பின்பக்கம் இழுத்தால் சீட் உயரம். அதே அளவு இறக்குங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போனால் உள்ளங்கையில் நரம்பு அழுந்துகிறது. ஹேண்டில் தாழ்வாகவோ தூரமாகவோ இருக்கலாம். கையை அடிக்கடி இடம் மாற்றிப் பிடியுங்கள்.

உட்காரும் இடம் மரத்துப் போனால் கூச்சப்பட்டு மறைக்காதீர்கள், ஆணானாலும் பெண்ணானாலும். சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா பாருங்கள், சமமாக வையுங்கள். பெண்களுக்கு உட்காரும் எலும்புகள் கொஞ்சம் அகலம். அதற்கேற்ற சீட் தனியாகக் கிடைக்கிறது. மாற்றியும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகினால் எது உதவியது என்றே தெரியாது.

எவ்வளவு ஓட்டலாம்?

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம். முதல் இரண்டு வாரம் இருபது நிமிஷம் போதும். கடினமான கியரில் மூச்சுப் பிடித்து மிதிப்பதை விட, லேசான கியரில் நிமிஷத்துக்கு எழுபது சுற்றுக்கு மேல் சுழற்றுவது முழங்காலுக்கு நல்லது. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் சரியான வேகம். இதய நோய், ரத்தக் கொதிப்பு, இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஏறுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே இறங்குங்கள்.

பெரிய முதலியார்சாவடிப் பக்கம் என்றால், பஸ்ஸும் காரும் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழக வேண்டாம். விடியற்காலையில் உள்சாலைகளில் பழகுங்கள். குயிலாப்பாளையம் பக்கம் மேடு ஏறும்; கியர் மாற்றப் பழக நல்ல இடம். ஹெல்மெட், முன்னும் பின்னும் விளக்கு, வெளிர்நிறச் சட்டை மூன்றும் கட்டாயம். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எதிர்த்தால் பாதி தூரத்திலேயே களைத்துவிடுவீர்கள். காலையில் போய்த் திரும்பிவிடுங்கள்.

ஓட்டிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். செயினுக்கு சைக்கிள் ஆயில் மட்டும். சமையல் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்காகி மணலைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சீட் பில்லரை உருவி, துடைத்து, கிரீஸ் தடவிப் போடுங்கள். வருஷத்துக்கு ஒரு ஓவராயில். உப்புக் காற்றில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் முடிந்ததும் இன்னொன்று.

இந்த ஞாயிற்றுக்கிழமையே நோட்டுப் புத்தகத்தை எடுத்து அளந்து, எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் கூட அளந்துவிடுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும், "என்ன விலை?" என்று கேட்பதற்கு முன்னால், "என்ன அளவு?" என்று கேளுங்கள்!